குழந்தைகள் இல்லம் கண்ட மாண்டிசோரி அம்மையார்



விழா மலர் என்றால் அதில் ஒரு புனிதரின் சரிதை இடம் பெறுவது நம் வழக்கம். இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்டிருப்பது பீடத்தில் வைத்து வணங்கப்படும் ஒருவரின் சரிதை அன்று. திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்ததில்லை. அவர் வாழ்வில் ஒரு பிழையும் அதனால் விளைந்த நெடிய துயரமும் உண்டு. ஆயினும் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கப் பெண்மணியாகவே வாழ்ந்து, நம் காஞ்சியிலிருந்து எழுபத்துச் சொச்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள அடையாற்றில் தங்கி, பாலர் ஆசிரியர்களை நூற்றுக்கணக்கில் உருவாக்கியவர் அவர். நம் பிள்ளைகள் இன்று அங்கன்வாடியில் அமர்ந்து மணி கோப்பதற்கும் கட்டை அடுக்குவதற்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. அவர்தான் மரிய மாண்டிசோரி அம்மையார்.

இவரைத் தேர்ந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும். நாமும் தறிக்குழி ஓரத்துத் தூளியில் கிடந்து வளர்ந்தவரே. அப்பா தறியில் இருக்க, அம்மா தார் சுற்றிக்கொண்டே கால் விரலில் தூளிக் கயிற்றை மாட்டி ஆட்டுவார். கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. கரை நாடா தள்ள மூத்த பிள்ளையை உட்கார வைத்துவிட்டால், இளையதைப் பார்ப்பது யார்? அதற்கு அடுத்த ஆறு வயதுப் பிள்ளை. ஆக, ஒரு குழந்தையைப் பேண இன்னொரு குழந்தையின் பள்ளிக்கூடம் போயிற்று. இன்று தறிகள் குறைந்துவிட்டன. தாய்மார் பலர் விடியுமுன் கம்பெனிப் பேருந்தேறி ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் போகிறார்கள். தூளி ஆட்ட அந்தக் காலும் வீட்டில் இல்லை. சுற்றுக் கிராமங்களில் வீடு சந்திக்கச் செல்லும்போதெல்லாம் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: சாமி, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை தேடியவர் ஒருவரின் கதையைச் சொல்லுவது பயனுடையது என்று எண்ணினோம்.

மாண்டிசோரி அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கீழ்க்கரையில், அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசாங்க உத்தியோகஸ்தர், பழைய கட்டுப்பாடுகளில் ஊறியவர். தாய் ரெனில்தே நன்கு கற்றவர், புத்தகப் பிரியர். ஒரே மகள். ஐந்து வயதாகும்போது குடும்பம் உரோமை நகருக்குக் குடிபெயர்ந்தது. பெண் பிள்ளை ஆசிரியையாகலாம் என்பதே அக்காலத்தார் கண்ட உச்ச எல்லை. மரியாவோ ஆசிரியையாக மட்டும் ஆகமாட்டேன் என்று பிடிவாதம் செய்து, பையன்கள் படிக்கும் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். பிற்காலத்தில் உலகத்துக்கே ஆசிரியைகளை உருவாக்கப் போகிறவர் இப்படித் தொடங்கினார் என்பதில் ஆண்டவரின் நகைச்சுவை தெரிகிறது என்று நாம் நினைப்பதுண்டு.

பின்னர் மருத்துவம் படிக்க முனைந்தார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை, தாய் துணை நின்றார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்று கல்லூரியார் கருதியதால், எல்லாரும் போன பிறகு தன்னந்தனியே பிணவறையில் இருந்து படிக்க வேண்டியதாயிற்று. 1896ஆம் ஆண்டு ஜூலையில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதல் சில பெண்களுள் அவரும் ஒருவர்.

உரோமைப் பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது நகரத்துப் பைத்தியக்கார விடுதிகளுக்குச் சென்று வருவது அவர் கடமை. அங்கே அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பெரியவர்களோடு ஒரே இடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் காவல்காரி அருவருப்போடு சுட்டிக் காட்டினாள். அம்மையார் சுற்றிலும் பார்த்தார். வெற்று அறை. கையில் எடுத்து உருட்ட, அடுக்க, தடவிப் பார்க்க ஒரு பொருள்கூட அங்கே இல்லை. குழந்தைகள் தேடியது உணவை அன்று, கைக்கு ஒரு வேலையை என்று அவருக்குப் பட்டது. பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகேன் ஆகியோரின் நூல்களைத் தேடிப் படித்தார். செகேனின் நூலைத் தம் கைப்படவே மொழிபெயர்த்து எழுதினார். அந்த முறையில் பொருள்கள் செய்து பழக்கியதில், ஒன்றுக்கும் உதவார் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் சிலர் பொதுப் பள்ளித் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊரெல்லாம் வியந்தது. அம்மையார் வியப்பு வேறு விதமானது. குறையுள்ள பிள்ளை இவ்வளவு எட்டும்போது, குறையில்லாத பிள்ளைகள் பள்ளியில் இவ்வளவுதானா எட்டுகிறார்கள் என்று அவர் யோசித்தார்.

இவ்விடத்தில்தான் நாம் முதலில் குறிப்பிட்ட துயரத்தைச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதுவோரும் உண்டு. நமக்கு அது சரியாகப் படவில்லை. உடன் பணியாற்றிய மருத்துவர் ஜூசெப்பே மொந்தெசானோ என்பவரோடு அவருக்கு அன்பு ஏற்பட்டது. மணம் நடக்கவில்லை. 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் மாரியோ என்ற ஆண் குழந்தை பிறந்தது. வெளியே தெரிந்தால் பெண் மருத்துவரின் பெயரும் பணியும் அன்றோடு முடிந்திருக்கும். குழந்தையை உரோமைக்கு வெளியே நாட்டுப்புறத்தில் ஒரு செவிலித் தாயிடம் விட்டார்கள். 1901இல் மொந்தெசானோ வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். அம்மையார் அவரோடு சேர்ந்து நடத்திய நிறுவனத்தை விட்டு விலகினார். மகனை அவ்வப்போது போய்ப் பார்ப்பார், ஆனால் தாய் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். பிறர் பிள்ளைகளுக்காக உலகமெங்கும் பேசியவர், தம் பிள்ளை நடை பழகியதைப் பார்க்கவில்லை. இதைத் தீர்ப்பிடுவது நம் வேலையன்று. ஒப்புரவு அருள்சாதனத் தொட்டியில் பல ஆண்டு அமர்ந்தவர் எவரும் இத்தகைய கதையைக் கேட்டு அதிர்ச்சியடைய மாட்டார்.

உரோமையில் சான் லொரென்சோ என்றொரு குடியிருப்புப் பகுதி. மறைசாட்சி புனித லாரன்சின் பேராலயத்துக்கும் பெரிய கல்லறைத் தோட்டத்துக்கும் பக்கத்தில் இருந்தது. கட்டி முடியாத வீடுகள், வேலை தேடி நாட்டுப்புறத்திலிருந்து வந்த ஏழைகள், திருட்டு, நோய். ஒரு கட்டட நிறுவனம் அந்த வீடுகளைச் செப்பனிட்டு உழைப்பாளிக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. தாயும் தந்தையும் வேலைக்குப் போனபின் பள்ளி வயதாகாத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடி, புதிதாகச் சுண்ணாம்படித்த சுவரைக் கிறுக்கிப் பாழாக்கின. சுவரைக் காப்பாற்றத்தான் அந்த நிறுவனத்தார் ஓர் அறையை ஒதுக்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி அம்மையாரைக் கேட்டார்கள். கல்வித் தொண்டு செய்யும் எண்ணம் அவர்களுக்கு முதலில் அவ்வளவாக இல்லை.

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், நம் பெரியவர்கள் மூன்று இராசாக்கள் திருநாள் என்று சொல்லும் திருக்காட்சிப் பெருவிழா அன்று, முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். எல்லாருக்கும் ஒரே மாதிரி முரட்டுத் துணியில் உடை. மிரண்டு அழுதுகொண்டிருந்த அந்தக் கூட்டத்தைக் கண்டபோது, அன்று காலைத் திருப்பலியில் வாசிக்கப்பட்ட எசாயா இறைவாக்கினரின் பகுதி, எருசலேமின் மேல் ஒளி உதிப்பதைப் பற்றியது, தம் நினைவுக்கு வந்ததாக அம்மையார் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்த இல்லத்தின் ஏற்பாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம், ஏனெனில் நமக்கு உதவும் செய்தி அதில்தான் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவள் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்லள். அந்தக் கட்டடத்தைச் சேர்ந்த வாயிற்காவலரின் மகள். இயக்குநராக இருப்பவர் அந்தக் கட்டடத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. பெற்றோர் காசு கட்ட வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமாக அனுப்ப வேண்டும், வாரம் ஒரு முறையேனும் தாய் வந்து ஆசிரியையோடு பேச வேண்டும். பிள்ளைகள் தூக்கி நகர்த்தத்தக்க சிறு மேசை, சிறு நாற்காலி, எட்டும் உயரத்தில் அலமாரி. விலையுயர்ந்த விளையாட்டுப் பொம்மைகளும் வந்தன. குழந்தைகள் அவற்றை ஒருநாள் பார்த்துவிட்டு ஒதுக்கினார்கள். உருளைக் கட்டைகளைத் துளைகளில் பொருத்துவது, பெரிதிலிருந்து சிறிதாகப் பத்துக் கனசதுரங்களைக் கோபுரமாக அடுக்குவது, தரையைத் துடைப்பது, தட்டு வைப்பது ஆகியவற்றில்தான் அவர்கள் மனம் லயித்தது. ஒரு மூன்று வயதுச் சிறுமி உருளைக் கட்டைகளை நாற்பது முறைக்கு மேல் எடுத்துப் பொருத்தியதை அம்மையார் எண்ணிக்கொண்டே இருந்தார். சுற்றி மற்றப் பிள்ளைகளைப் பாட்டுப் பாடச் சொல்லியும் அவள் நிமிரவில்லை.

ஒருநாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று அம்மையார் வேடிக்கையாகப் பாடம் நடத்தினார். கைக்குட்டையை மடித்துச் சத்தமில்லாமல் மூக்கைத் துடைத்துக் காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். மூக்கொழுகுகிறதென்று எல்லாரும் திட்டினார்களேயன்றி, எப்படித் துடைப்பதென்று மரியாதையாகச் சொல்லித் தந்தவர் அதுவரை யாருமில்லை. மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் நம் இளைஞர்களுக்கு இதை நாம் அடிக்கடி சொல்வதுண்டு.

எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவிப் பழக வைத்தார். மணலிலும் நெல்லிலும் விரல் பிடித்து எழுதிப் பழகிய நமக்கு இது அந்நியமன்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கும் சான் லொரென்சோவுக்கும் இடையே கடல்கள் இருந்தாலும் விரல் ஒன்றுதான். ஒரு வித்தியாசம், அங்கே பிரம்பு இல்லை. சில மாதங்களில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒருநாள் தாமாகவே சுண்ணக்கட்டி எடுத்து எழுதத் தொடங்கி, கண்ட இடமெல்லாம் எழுதித் தீர்த்தார்கள்.

1908ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் மெசினா நகரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டுப் பல்லாயிரம் பேர் மாண்டனர். அநாதையான சிறுவர் சிறுமியர் அறுபது பேரளவில் உரோமையில் மரியாளின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகளின் மடத்தில் சேர்க்கப்பட்டார்கள். பேச்சற்று, பசியற்று, இரவில் அலறிய அக்குழந்தைகளுக்கென அந்த மடத்தில் ஒரு குழந்தைகள் இல்லம் திறந்தார் அம்மையார். அச்சபை எங்கே பிறந்தது தெரியுமா? 1877இல் நம் உதகமண்டலத்தில்! அன்னை மேரி ஆஃப் த பேஷன் நிறுவிய அச்சபையின் கன்னியர் இன்றும் நம் நாட்டில் பல இடங்களில் பள்ளியும் மருத்துவமனையும் நடத்துகிறார்கள். அந்த மடத்திலேயே பின்னர் ஆசிரியப் பயிற்சி வகுப்பும் நடந்தது.

ஒரு இல்லம் இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று. எல்லா ஊர்க்காரரும் கேட்டார்கள். இல்லம் திறக்க அறை கிடைக்கும், மேசை செய்யத் தச்சர் கிடைப்பார், ஆனால் ஆசிரியை எங்கே? இந்தத் தட்டுப்பாடே அம்மையாரின் எஞ்சிய வாழ்நாளைத் தீர்மானித்தது. 1909இல் சித்தா தி காஸ்தெல்லோ என்னும் ஊரில் சுமார் நூறு பேருக்கு முதல் பயிற்சி வகுப்பு நடத்தினார். அதே ஆண்டு தம் முறையை நூலாக வெளியிட்டார். பின் மருத்துவத் தொழிலையும் பல்கலைக்கழகப் பதவியையும் துறந்து, ஆசிரியர்களை உருவாக்குவதையே தொழிலாகக் கொண்டார். 1913 முதல் பன்னாட்டு வகுப்புகள். அவர் பயிற்சியில் முதற்பாடம் பேசுவதன்று, பார்ப்பது. ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குழந்தை செய்வதைக் குறுக்கிடாமல் கவனித்து எழுத வேண்டும். பெரியவர்களுக்கு இதுதான் மிகக் கடினம். ஒவ்வொரு பொருளைப் பற்றியும் மாணவி தானே படம் வரைந்து குறிப்பேடு தயாரிக்க வேண்டும்.

1912இன் இறுதியில் தாய் ரெனில்தே இறந்தார். அதன் பிறகே, பதினைந்து வயதை எட்டிய மாரியோ அம்மையாரிடம் வந்து சேர்ந்தார். வெளியார்க்கு அண்ணன் மகன், தம்பி மகன் என்ற முறையில் ஏதோ சொல்லி அறிமுகம் செய்தார்கள். அன்றுமுதல் தாயின் வலக்கையாக இருந்தவர் அவரே.

பார்சலோனாவில் அவர் பல ஆண்டு தங்கியிருந்தபோது சிறுவர்க்கென்றே ஒரு சிற்றாலயம் அமைத்தார்கள். தாழ்ந்த பீடம், எட்டும் உயரத்தில் தீர்த்தத் தொட்டி. பிள்ளைகளே கோதுமை விதைத்து, திராட்சைக் கொடி நட்டு, நற்கருணைக்கான அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கண்ணால் கண்டார்கள். திருப்பலியைச் சிறுவர்க்கு விளக்கும் நூலொன்றும் அம்மையார் எழுதியிருக்கிறார்.

1924இல் முசோலினி அவர் பள்ளிகளுக்கு ஆதரவளித்தான். அம்மையாரும் அதை ஏற்றுக்கொண்டார். இது அவர் செய்த தவறு என்றே நாம் கருதுகிறோம். பிள்ளைகளைச் சிப்பாய்களாக்கும் எண்ணத்துக்கு அவர் இணங்காததால் 1934இல் உறவு முறிந்து, இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் அதே கதி. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது ஆங்கிலேயக் கப்பலொன்றில் தப்பி, கடைசியில் ஹாலந்தில் தஞ்சம் புகுந்தார்.

இதற்கிடையில் 1931 அக்டோபரில், வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் சென்ற காந்தியடிகள் அம்மையாரின் பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றினார். வசதியுள்ளோர் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் இத்தகைய பயிற்சி எட்ட வேண்டும் என்ற தம் நம்பிக்கையை அங்கே அவர் வெளியிட்டார். மிகப் பணிவான சொற்கள். ஆயினும் குறி தவறாத அம்பு அது. அம்மையாரின் பொருள்கள் நேர்த்தியான மரத்தில் அளவு பிசகாமல் செய்யப்பட வேண்டியவை. போதாக்குறைக்கு, தம்மிடம் பயின்றவர் பள்ளி நடத்தலாமே தவிரப் பிறருக்குப் பயிற்சி அளிக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாக இருந்தார். முறை கெட்டுவிடும் என்ற அச்சம். அச்சம் நியாயமானதே. ஆனால் இப்படி ஒரே கிணற்றில் இறைத்தால் எத்தனை வயலுக்குப் பாயும்?

1939 நவம்பரில், அறுபத்தொன்பதாம் வயதில், மாரியோவோடு சென்னைக்கு வந்தார். அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். சபை வளாகத்தில் ஓலைக் கொட்டகைகள் எழுந்தன. இந்தியாவெங்குமிருந்து சுமார் முந்நூறு பேர் வந்து சேர்ந்தார்கள். அம்மையாருக்கு ஆங்கிலம் வராது. அவர் இத்தாலிய மொழியில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, பக்கத்தில் நின்று மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். வகுப்பு மூன்று மாதம். முடிந்ததும் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். பிரம்மஞான சபையாரின் விருந்தினராகத் தங்கியது பற்றி அக்காலக் கத்தோலிக்கரிடையே முணுமுணுப்பு இருந்தது. தாம் கத்தோலிக்கர்தாம் என்பதை அம்மையார் விட்டுக்கொடுத்ததில்லை.

1940 ஜூனில் இத்தாலி ஆங்கிலேயருக்கு எதிராகப் போரில் இறங்கியது. ஒரே நாளில் தாயும் மகனும் பகை நாட்டவராயினர். மாரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று உத்தரவு. ஹாலந்தில் விட்டுவந்த நான்கு பேரப்பிள்ளைகள் ஜெர்மானியர் பிடியில். ஒரு பிறவியில் இரண்டாம் முறையாக மகனை இழந்து அவர் உட்கார்ந்திருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 31, அவருடைய எழுபதாம் பிறந்த நாள். இராசப்பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. அவருக்குத் தரத்தக்க சிறந்த பிறந்தநாள் பரிசு அவர் மகனை விடுவிப்பதே என்று அரசு கருதுவதாக அதில் கண்டிருந்தது. மாரியோவை அம்மையாரின் மகன் என்று அரசாங்கக் காகிதம் ஊரறியச் சொல்லிவிட்டது! நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அவரால் வாய் திறந்து சொல்ல முடியாததை முன்பின் தெரியாத ஓர் அதிகாரி சொன்னார். சிறைக் கதவையும் திறந்தார்.

போர் முடியும்வரை இந்தியாவை விட்டுப் போக வழியில்லை. 1942 முதல் ஈராண்டுக் காலம் கொடைக்கானலில் தங்கிப் பல நாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அங்கே செடி, பூச்சி, கல், விண்மீன் எல்லாவற்றையும் ஒரே படைப்பின் கதையாகச் சொல்லிக் கொடுக்கும் முறை உருவாயிற்று. அகமதாபாத், கராச்சி, காஷ்மீர், கொழும்பு என்று வகுப்புகள் தொடர்ந்தன. 1946இல் ஐரோப்பா சென்று பேரப்பிள்ளைகளைக் கண்டார். மறு ஆண்டே திரும்பி வந்தார். 1949 வரையில் இந்திய மண்ணில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். அகமதாபாத்து உரைகளைக் கொண்டு உருவான அவரது புகழ்பெற்ற நூலொன்று 1949இல் சென்னை அடையாற்றில்தான் முதலில் அச்சாயிற்று.

ஆயிரம் ஆசிரியர் பெரிய எண்ணிக்கைதான். இருப்பினும் அவர்களில் பெரும்பாலோர் நகரங்களில் கட்டணம் வாங்கும் பள்ளிகளுக்கே போனார்கள். இன்றும் வண்ணப் பலகையில் மாண்டிசோரி என்று எழுதி, உள்ளே மூன்று வயதுக் குழந்தையைக் கைகட்டி உட்கார வைத்திருக்கும் இடங்களை நாம் பார்த்திருக்கிறோம். காந்தியடிகள் எய்த அம்பு தைத்தது வேறு இருவர் நெஞ்சில். குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920இலேயே பாலர் மந்திர் தொடங்கியவர். அவரோடு சேர்ந்து உழைத்த தாராபாய் மோடக் அம்மையார், ஐம்பது வயதைக் கடந்தபின், 1945இல் பம்பாய்க்கு வடக்கே கடலோரத்துப் போர்டி என்னும் கிராமத்துக்குப் போனார். அவரோடு சேர்ந்துகொண்டவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் மணமாகி, ஆறே மாதத்தில் கைம்பெண்ணானவர்.

அவர்கள் பாலர் பள்ளி திறந்தார்கள். ஒதுக்கப்பட்ட சேரிப் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் வரவில்லை. சரி, பிள்ளை வராவிட்டால் பள்ளி போகட்டும் என்று சேரி முற்றத்துக்கே பாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முற்றத்துக்கு அவர்கள் மொழியில் அங்கண். அதுவே அங்கன்வாடி. நம் ஊரில் பால்வாடி என்றால் பால் கொடுக்கும் இடம் என்று எண்ணுவோர் உண்டு. பால என்றால் குழந்தை, வாடி என்றால் தோட்டம். பால் அங்கே கிடைத்தால் நல்லதுதான், பெயர் அதனால் வந்ததன்று. மரக் கோபுரத்துக்குப் பதிலாகக் கூழாங்கல், புளியங்கொட்டை போன்ற விதைகள், இலை, மூங்கில். ஆசிரியைக்கு நகரத்தை எதிர்பார்க்காமல் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி. மாண்டிசோரி அம்மையாரின் விதி இங்கே மீறப்பட்டது. ஆனால் சான் லொரென்சோவின் வாயிற்காவலர் மகளை நினைத்துப் பார்த்தால், மீறியதா, திரும்பிச் சென்றதா என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை. 1957இல் பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி நடந்தது.

பிறகு நடந்தது பலரும் அறிந்ததே. 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாடெங்கும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கி, அங்கன்வாடி என்ற சொல் அரசாங்கச் சொல்லாயிற்று. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 முதல் முதலமைச்சர் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது. இன்று மாநிலத்தில் சுமார் 54,000 மையங்கள். கட்டடம் இருக்கிறது, முட்டையும் வருகிறது. ஆசிரியைதான் மறுபடியும் தட்டுப்பாடு. ஒரே டீச்சர் இரண்டு மையங்களைக் கவனிப்பதும், ஆயாவே டீச்சராக இருந்து சமாளிப்பதும் நம் சுற்று வட்டாரத்திலும் கண்டதுதான். 2025இல் தமிழ்நாடு அரசு நிரப்புவதாக அறிவித்த அங்கன்வாடிப் பணியிடங்கள் 7,783. நம் பங்கின் பெண்பிள்ளைகள் சிலரும் விண்ணப்பம் போட்டதாகச் சொன்னார்கள். படித்த பெண் கம்பெனிக்குப் போனால் கூடுதல் சம்பளம் கிடைக்குமே என்று பெற்றோர் தயங்குவதும் நமக்குத் தெரியும். அந்தத் தயக்கத்தை நாம் குறை கூற மாட்டோம். இந்த வேலைக்கு நாடு கொடுக்கும் ஊதியம் குறைவு என்பது உண்மை.

அம்மையார் தம் இறுதி நாள்களை ஹாலந்தில் கழித்தார். நோபல் அமைதிப் பரிசுக்கு மூன்று முறை முன்மொழியப்பட்டும் கிடைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நோர்ட்விக் என்னும் கடற்கரையூரில் மாரியோவோடு பேசிக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்காவில் பாலர் ஆசிரியர்கள் வேண்டுமென்று அழைப்பு வந்திருந்தது. எண்பத்தொரு வயதில் போகலாமா வேண்டாமா என்பதே பேச்சு. போக வேண்டும் என்பது அவர் பக்கம். அன்றே உயிர் பிரிந்தது. அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். உயிலைத் திறந்தபோது, மாரியோவை அவர் தம் மகன் என்றே எழுதி வைத்திருந்தார். மாரியோ முப்பது ஆண்டு தாயின் பயிற்சி வகுப்புகளைத் தொடர்ந்து நடத்தி, 1982 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் காலமானார்.